ஆடியோகிராமுக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் பிள்ளை

காது கேளாத பிள்ளை ஒன்று சாதாரணப் பள்ளியில் படிக்கிறது என்றால், அந்தப் பிள்ளையின் கோப்பில் பெரும்பாலும் மூன்று தாள்கள் இருக்கும். என்றோ எடுத்த ஆடியோகிராமின் (கேட்கும் திறனை அளந்து வரைந்த வரைபடம்) நகல், சதவீதம் போட்ட மருத்துவச் சான்றிதழ், யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையின் ஜெராக்ஸ். இந்த மூன்றும் இருந்தால் “அசெஸ்மென்ட் முடிந்துவிட்டது” என்று பள்ளி நினைத்துக்கொள்கிறது. உதவித்தொகைக்கும் தேர்வுச் சலுகைக்கும் காது மெஷினுக்கும் இந்தத் தாள்கள் கட்டாயம் வேண்டும், அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நாற்பது பிள்ளைகளோடு நிற்கும் ஆசிரியர் என்ன செய்ய வேண்டும் என்று இவற்றில் ஒரு வரிகூட இருக்காது. பள்ளிகளில் செவித்திறன் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் என்னை உறுத்துவது இதுதான். காதை அளந்துவிடுகிறோம், பிள்ளையை அளப்பதே இல்லை.

ஆடியோகிராம் எப்படி எடுக்கப்படுகிறது என்று பாருங்கள். சத்தம் புகாத அறை. இரண்டு காதிலும் ஹெட்போன். 250 ஹெர்ட்ஸிலிருந்து 8000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு சுருதியிலும் ‘பீப்’ ஒலியைக் குறைத்துக்கொண்டே போய், பிள்ளைக்குக் கேட்கும் மிகச் சன்னமான அளவைக் குறிக்கிறார்கள். பேச்சுக்கு முக்கியமான 500, 1000, 2000, 4000 ஹெர்ட்ஸ் அளவுகளின் சராசரியை வைத்துத்தான் பெரும்பாலும் குறைபாட்டின் தரம் பேசப்படுகிறது. அந்த அறையில் ஃபேன் ஓடாது, பக்கத்து வகுப்பு வாய்ப்பாடு சொல்லாது, சோதிக்கும் ஆடியாலஜிஸ்ட் முதுகைக் காட்டிக்கொண்டு கரும்பலகையில் எழுத மாட்டார்.

சதவீதத்தில் இன்னொரு குழப்பம் உண்டு. சான்றிதழில் 75 என்று இருந்தால் “மீதி 25 சதவீதம் கேட்குமே” என்று பள்ளியில் சொல்வார்கள். அப்படிக் கணக்குப் போடக் கூடாது. ஒவ்வொரு காதுக்கும் தனியாக ஒரு சதவீதம் கண்டுபிடித்து, நன்றாகக் கேட்கும் காதுக்கு ஐந்து பங்கு, மற்றதற்கு ஒரு பங்கு என்று சேர்த்து ஆறால் வகுத்து வரும் எண் அது. உதவிக்குத் தகுதி உண்டா என்று முடிவு செய்வதற்கான எண். வகுப்பில் எத்தனை வார்த்தை பிள்ளையின் காதில் விழுகிறது என்பதற்கும் அதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது.

அந்த எண்ணுக்குள்ளேயே வராத பிள்ளைகளைப் பற்றித்தான் எனக்குக் கூடுதல் கவலை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, பேச்சு அலைவரிசைகளில் இரண்டு காதிலும் 60 முதல் 70 டெசிபெல் வரை இழப்பு இருந்தால் ‘கேட்கும் திறன் குறைந்தவர்’. 70 டெசிபெல் இழப்பு இருந்தால் ‘காது கேளாதவர்’. உலக சுகாதார நிறுவனமோ நல்ல காதில் 35 டெசிபெலைத் தாண்டினாலே மறுவாழ்வு உதவி தேவைப்படும் இழப்பு என்கிறது. இந்த 35-க்கும் 60-க்கும் நடுவில் இருக்கும் பிள்ளைக்குச் சான்றிதழ் கிடைப்பது கடினம். ஒரு காது மட்டும் கேட்காத பிள்ளையின் நிலையும் ஏறக்குறைய அதுதான். காதில் சீழ் வடியும் பிள்ளையின் கேட்கும் அளவு, சீழ் வடியும் வாரத்தில் இறங்கும், காய்ந்த வாரத்தில் ஏறும். எந்த நாளில் சோதித்தோம் என்பதைப் பொறுத்து முடிவு மாறும். இந்தப் பிள்ளைகளெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் சில சமயம் திரும்புவார்கள், சில சமயம் திரும்ப மாட்டார்கள். “வேணும்னே கேக்காத மாதிரி இருக்கான்” என்ற பெயர் அதனால் வருகிறது.

முதல் மணிக்கு முன் ஐந்து நிமிடம்

மெஷின் மாட்டியிருக்கிற பிள்ளைக்கு மெஷின் வேலை செய்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். “மாட்டியிருக்காளே” என்பது சோதனை ஆகாது. செத்த பேட்டரியோடு மாட்டிய மெஷின் காதை அடைக்கும் பஞ்சு போல. இருக்கிற கேட்கும் திறனையும் அது குறைக்கும்.

காதுக்குப் பின்னால் மாட்டும் மெஷின்களில் பெரும்பாலும் ஸிங்க்-ஏர் பேட்டரிதான். நீல ஸ்டிக்கர் என்றால் 675, ஆரஞ்சு என்றால் 13. ஸ்டிக்கரை உரித்ததும் காற்று உள்ளே போய் வேலை தொடங்கும். உரித்தவுடன் போட்டுவிடாமல் சில நிமிடம் வெளியே வைத்துப் போட்டால் நல்லது. திரும்ப ஸ்டிக்கர் ஒட்டிச் சேமிக்க முடியாது. இந்தப் பேட்டரி படிப்படியாக இறங்காது. கடைசி வரை ஒரே மாதிரி ஓடிவிட்டுத் திடீரென்று நின்றுவிடும். காலையில் நன்றாக இருந்தது பதினொன்றரைக்கு நின்றுபோனால் ஆச்சரியப்பட வேண்டாம். அதனால்தான் வகுப்பு அலமாரியில் இரண்டு பேட்டரி எப்போதும் இருக்க வேண்டும். பேட்டரி நின்றதும் வந்து சொல்லும் பழக்கத்தையும் பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். பல பிள்ளைகள் சொல்வதில்லை. கேட்காமல் இருப்பது அவர்களுக்குப் பழகிப்போன நிலை.

அடுத்தது மோல்டு, அதாவது மெஷினின் சத்தத்தைக் காதுக்குள் கொண்டுபோகும், காதின் அளவுக்கு வார்த்த அச்சு. வளரும் பிள்ளையின் காதும் வளர்வதால் மோல்டு சில மாதங்களில் தளர்ந்துவிடும். தளர்ந்தால் மெஷினிலிருந்து சத்தம் கசிந்து, அதே மைக்குக்குள் திரும்பப் போய், ‘கீ’ என்று விசில் அடிக்கும். விசில் வகுப்புக்குத் தொந்தரவு என்று யாராவது வால்யூமைக் குறைப்பார்கள். விசில் நிற்கும், பிள்ளைக்குக் கேட்பதும் நிற்கும். இப்படி அரைவருடம் குறைந்த வால்யூமில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். புது மோல்டு எடுப்பதைத் தவிர இதற்கு வேறு வழி இல்லை. மோல்டிலிருந்து மெஷினுக்குப் போகும் டியூபையும் பாருங்கள். நம் ஊர் வியர்வைக்கு அதற்குள் நீர்த்துளி கட்டிக்கொள்ளும். ஒரு சொட்டு போதும், சத்தம் அடைபடும். மோல்டைக் கழற்றி ரப்பர் பிளோயரால் ஊதினால் போய்விடும். டியூப் மஞ்சளாகி விறைத்துவிட்டால் மாற்ற வேண்டும். இரவில் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் மெஷினை வைக்கச் சொல்லுங்கள், பேட்டரிக் கதவைத் திறந்து வைத்து. மோல்டைத் தனியாகக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் கழுவலாம். மெஷினில் தண்ணீர் படக் கூடாது.

இவ்வளவும் சரியாக இருந்தால் ஆறு ஒலிச் சோதனை. டேனியல் லிங் என்பவர் வகுத்தது. அவர் பெயரிலேயே வழங்குகிறது. ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ். பேச்சில் வரும் தாழ்ந்த சுருதியிலிருந்து உயர்ந்த சுருதி வரை இந்த ஆறும் தொட்டுவிடும். பிள்ளையின் பக்கவாட்டில் ஒரு மீட்டர் தள்ளி நின்று, சாதாரணக் குரலில் ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். கேட்டதும் பிள்ளை ஒரு புளியங்கொட்டையைக் கிண்ணத்தில் போடட்டும், பெரிய பிள்ளையானால் திருப்பிச் சொல்லட்டும். உதடு தெரியக் கூடாது. ஆனால் வாயைக் கையால் பொத்தினால் ‘ஸ்’ஸும் ‘ஷ்’ஷும் மழுங்கிவிடும், மெல்லிய ஸ்பீக்கர் துணி மாட்டிய வளையம் நல்லது, இல்லையென்றால் பின்னால் நில்லுங்கள். ஒரே தாளத்தில் சொன்னால் பிள்ளை ஊகித்துக் கொட்டையைப் போட்டுவிடும். இடைவெளியை மாற்றுங்கள், நடுவில் ஒன்றுமே சொல்லாமல் சற்று நில்லுங்கள். ஒவ்வொரு காதுக்கும் தனியாக. பிறகு இரண்டு மீட்டர், மூன்று மீட்டர். நேற்று மூன்று மீட்டரில் ‘ஸ்’ கேட்ட பிள்ளைக்கு இன்று ஒரு மீட்டரிலேயே கேட்கவில்லை என்றால், டியூப், காது மெழுகு, பேட்டரி, சளி என்று வரிசையாகத் தேட வேண்டும். பழகிவிட்டால் இரண்டு மூன்று நிமிட வேலைதான்.

காக்ளியர் இம்பிளான்ட் (அறுவைச் சிகிச்சையில் உள்காதில் பொருத்தும் கேட்கும் கருவி) வைத்த பிள்ளைக்கும் இதே சோதனைதான். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இந்த அறுவைச் சிகிச்சை செய்யப்படுகிறது. அதனால் இந்தப் பிள்ளைகள் இப்போது நம் அரசுப் பள்ளிகளில் இருக்கிறார்கள். “ஆபரேஷன் ஆயிடுச்சே, இனிமே கேக்கும்” என்று விட்டுவிடுவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. கருவியை இயக்கி வைத்த நாளிலிருந்துதான் பிள்ளையின் கேட்கும் வயதை எண்ண வேண்டும். நான்கு வயதில் இயக்கி வைத்த பிள்ளை, ஒன்றாம் வகுப்பில் ஆறு வயதில் உட்காரும்போது அதன் கேட்கும் வயது இரண்டு. இரண்டு வயதுக் குழந்தையிடம் எவ்வளவு பேச்சை எதிர்பார்ப்போம்?

தூரம், இரைச்சல், முகம்

மெஷின் சரி. அடுத்து வகுப்பறை. குரல் புறப்பட்ட இடத்திலிருந்து தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஒலி ஏறக்குறைய 6 டெசிபெல் குறையும். ஒரு மீட்டரில் கேட்பது நான்கு மீட்டரில் 12 டெசிபெல் குறைந்திருக்கும். இரைச்சல் மட்டும் குறையாது. ஃபேன் பிள்ளையின் தலைக்கு மேலேயே ஓடுகிறது. கேட்கும் திறன் குறைந்த பிள்ளைக்கு ஆசிரியரின் குரல் இரைச்சலைவிட 15 டெசிபெலாவது மேலே இருக்க வேண்டும் என்பது இந்தத் துறையில் பரவலாக ஏற்கப்பட்ட அளவு. நம் வகுப்புகளில், சிமெண்டுத் தரையும் வெறும் சுவரும் எதிரொலிக்கும் அறையில், பின் பெஞ்சில் அது நடக்காது. மெஷின் குரலையும் பெரிதாக்கும், எதிரொலியையும் பெரிதாக்கும்.

இதை அளக்க முடியும். எட்டு நிலைகளில் செய்யும் ஒரு வகுப்பறைச் சோதனை உண்டு: அருகில் அல்லது தூரத்தில், அமைதியில் அல்லது இரைச்சலில், முகம் பார்த்து அல்லது பார்க்காமல். பிள்ளைக்குத் தெரிந்த சொற்களால் ஆன எளிய வாக்கியங்களை எட்டுப் பட்டியலாக எழுதிக்கொள்ளுங்கள், பட்டியலுக்குப் பத்து. அதே வகுப்பின் இரைச்சலை போனில் பதிவு செய்து பிள்ளையின் அருகில் ஓட விடுங்கள். அருகில் என்றால் ஒரு மீட்டர், தூரம் என்றால் நான்கைந்து மீட்டர், அதாவது பின்வரிசை. பிள்ளை திருப்பிச் சொல்லட்டும். பேச்சு தெளிவில்லை என்றால் எழுதிக்காட்டட்டும், படத்தைத் தொட்டுக்காட்டட்டும், சைகையில் சொல்லட்டும். நாம் சோதிப்பது காதை, உச்சரிப்பை அல்ல. எத்தனை சரி என்று ஒவ்வொரு கட்டத்திலும் எழுதிக்கொண்டால் எட்டு எண்கள் கிடைக்கும். எடுத்துக்காட்டுக்கு, அருகில் அமைதியில் முகம் பார்த்து பத்துக்கு ஒன்பது எடுக்கும் பிள்ளை, தூரத்தில் இரைச்சலில் முகம் பார்க்காமல் மூன்றுதான் எடுக்கலாம். அந்த மூன்றுதான் கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டே பாடம் நடத்தும்போது பிள்ளைக்குக் கிடைப்பது. தலைமை ஆசிரியரிடம் இந்தத் தாளைக் காட்டினால் எந்த ஆடியோகிராமைவிடவும் வேகமாக விஷயம் புரியும்.

எட்டு எண்களும் என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொல்லும். முகம் தெரிந்தால் மதிப்பெண் ஏறுகிறதா? இடம், வெளிச்சம், திரும்பி நின்று பேசுவது இவைதான் முதல் வேலை. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றால் ஆசிரியரின் முகம் இருட்டாகிவிடும். முதல் வரிசை எப்போதும் நல்ல இடம் அல்ல. அங்கிருந்து பார்த்தால் ஆசிரியரின் தாடைதான் தெரியும், பின்னால் பேசும் பிள்ளைகள் தெரிய மாட்டார்கள். இரண்டாம் வரிசையின் ஓரம், நன்றாகக் கேட்கும் காது வகுப்பை நோக்கி இருக்கும்படி, திரும்பினால் எல்லாரையும் பார்க்கலாம். இரைச்சலில் மதிப்பெண் சரிகிறதா? பெஞ்சுக் கால்களுக்கு ரப்பர், ஜன்னலுக்குத் தடித்த துணி, சுவரில் சாக்குத் துணி, தரையில் பாய். சுவரில் தெர்மாகோல் ஒட்டுகிறார்கள். அது ஒலியை உறிஞ்சாது, காசுக்குக் கேடு. தூரத்தில் சரிகிறதா? அப்போது ஆசிரியர் அணியும் வயர்லெஸ் மைக்கும் மெஷினோடு சேரும் ரிசீவரும் வேண்டும். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்க வேண்டும். வேறு பிள்ளை பதில் சொல்லும்போது மைக் அவரிடம் போக வேண்டும், இல்லையென்றால் ஆசிரியர் அந்தப் பதிலைத் திருப்பிச் சொல்ல வேண்டும். வாங்கிய மைக் அலமாரியில் தூங்குவதற்கு முக்கியக் காரணம், பிள்ளையின் மெஷினோடு அது சேருமா என்று வாங்கும் முன் யாரும் பார்க்காததுதான்.

உதட்டைப் பார்த்தே எல்லாம் புரிந்துகொள்ளும் என்றும் நினைத்துவிடக் கூடாது. பாடு, மாடு இரண்டும் உதட்டில் ஒன்றுதான். க, ங வெளியே தெரியவே தெரியாது. தெரிந்த பாதியை வைத்துத் தெரியாத பாதியை நிரப்பிக்கொண்டே இருக்கிறது அந்தப் பிள்ளை. மதியத்துக்குள் களைத்துவிடும். மதியம் தூங்கி வழிகிறாள் என்று திட்டுவதற்கு முன், வாய்மொழிச் சோதனைகளைக் காலைக்கு மாற்றிப் பாருங்கள்.

அழகான நோட்டு

இதுவரை சொன்னதெல்லாம் செய்துவிட்டாலும் ஒரு விஷயம் தப்பிவிடும். காது கேளாத பிள்ளைகளின் நோட்டுகளைப் புரட்டிப் பாருங்கள். வகுப்பிலேயே அழகான கையெழுத்து அங்கேதான் இருக்கும். கரும்பலகையில் இருந்தது ஒரு புள்ளி பிசகாமல் நோட்டில் இருக்கும். கேள்வியில் உள்ள ஒரு சொல்லைப் பாடத்தில் தேடி, அந்த வரியை அப்படியே எழுதினால் பாதித் தேர்வு தாண்டிவிடும். “புரிஞ்சுதாம்மா?” என்றால் தலையாட்டும். தலையாட்டினால் கேள்வி முடிந்துவிடும் என்பதை அது சீக்கிரமே கற்றுக்கொண்டிருக்கிறது. இப்படி ஐந்தாம் வகுப்பு வரை வந்துவிட முடியும்.

இந்தத் திரையை விலக்கும் சோதனை மிகச் சிறியது. இரண்டு படம் வரையுங்கள். ஒன்றில் கண்ணன் தள்ளுகிறான், முத்து விழுகிறான். மற்றதில் முத்து தள்ளுகிறான், கண்ணன் விழுகிறான். சட்டையில் பெயர் எழுதிவிடுங்கள். இப்போது ‘கண்ணன் முத்துவைத் தள்ளினான்’ என்று எழுதிக் காட்டுங்கள். சரியான படத்தைத் தொட்டுவிடும். அடுத்து ‘கண்ணனை முத்து தள்ளினான்’. நிறையப் பிள்ளைகள் அதே பழைய படத்தையே தொடுவார்கள். முதலில் வரும் பெயர்தான் செய்தவன் என்று அவர்கள் முடிவு செய்துவைத்திருக்கிறார்கள். ‘ஐ’ என்ற உருபு அவர்களுக்கு வேலை செய்யவில்லை. செய்யாததற்குக் காரணம் இருக்கிறது. தமிழில் யார், யாரை, எங்கே, எதால் என்பதெல்லாம் சொல்லின் வாலில் இருக்கிறது. பேச்சில் அந்த வால்தான் மெலிந்து தேய்ந்து போகிறது. ‘வந்தான்’ என்பதைப் பேசும்போது கடைசி ‘ன்’ வெறும் மூக்கொலியாகிவிடுகிறது, ‘வந்தாள்’ வெறும் ‘வந்தா’ ஆகிறது. வந்தது ஆணா பெண்ணா என்பது அந்தத் துளி மூக்கொலியில் இருக்கிறது. உதட்டிலும் அது தெரியாது. மற்ற பிள்ளைகள் இதை ஆயிரக்கணக்கான முறை காதில் வாங்கித் தானாகக் கற்றுக்கொண்டார்கள். இந்தப் பிள்ளைக்கு அது வந்து சேரவே இல்லை. ‘அம்மா கடை போ பால் வாங்கு’ என்று எழுதுவது அறிவுக் குறை அல்ல, வந்து சேர்ந்ததை அது சரியாகத்தான் எழுதுகிறது.

இங்கிருந்துதான் உண்மையான மதிப்பீடு தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன். உருபுகளை ஒவ்வொன்றாகப் படத்தோடு சோதியுங்கள்: பெட்டியில், பெட்டியிலிருந்து, பெட்டிக்கு. எதிர்மறை: ‘சாப்பிடவில்லை’. கேள்விச் சொற்கள்: ‘எப்போது’வுக்கும் ‘எப்படி’க்கும் வேறு வேறு பதில் வருகிறதா? பாடநூல் நடை: ‘எனப்படும்’, ‘கண்டறியப்பட்டது’, ‘பொருந்தாததைத் தேர்ந்தெடு’. அறிவியல் தெரிந்த பிள்ளை ‘பொருந்தாத’ என்ற சொல்லில் தடுக்கி மதிப்பெண் இழக்கும். எது தெரியவில்லை என்று பிரித்துப் பார்க்காமல் ‘அறிவியலில் வீக்’ என்று எழுதிவிடுவது அநியாயம். சொல்வதை எழுதும் பயிற்சியில் பிழை வந்தால் அது எழுத்துப் பிழையா, காதில் விழாததா என்று தெரியாது; படத்தைக் காட்டி எழுதச் சொல்லிச் சோதியுங்கள். சத்தமாக வாசிக்க வைத்து வாசிப்புத் திறனுக்கு மதிப்பெண் போடாதீர்கள், அது உச்சரிப்புக்குப் போடும் மதிப்பெண். வாசித்ததை நடித்துக் காட்டவோ படத்தை வரிசைப்படுத்தவோ சொல்லுங்கள். “புரிஞ்சுதா” என்ற கேள்வியையே எடுத்துவிட்டு “நான் என்ன செய்யச் சொன்னேன்?” என்று கேளுங்கள்.

சைகையில் கேட்டால் வரும் பதில்

மேலே சொன்ன ஆறு ஒலியில் ஒன்றுகூடக் கேட்காத பிள்ளைகள் இருக்கிறார்கள். தாமதமாகக் கண்டுபிடிக்கப்பட்டு, ஏழெட்டு வயதுவரை எந்த மொழியும் கிடைக்காமல் வந்தவர்களும் உண்டு. அந்தப் பிள்ளையை இன்னும் நான்கு வருடம் ‘ஸ்பீச்’சுக்காகக் காக்க வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. சைகை கற்றால் பேச்சு வராது என்ற பயத்தைப் பெற்றோரிடம் விதைத்தவர்கள் அதன் விலையைப் பிள்ளைகளைக் கொடுக்க வைத்தார்கள். ஏதாவது ஒரு மொழி முழுமையாக, சீக்கிரமாக வர வேண்டும். அதுதான் அடிப்படை. இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 2015-இல் டெல்லியில் தொடங்கப்பட்டது. அதன் அகராதி 2021-இல் பத்தாயிரம் சொற்களை எட்டியது, இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். 2020-இன் தேசியக் கல்விக் கொள்கையும் சைகை மொழியைத் தரப்படுத்துவது பற்றிப் பேசுகிறது.

மதிப்பீட்டுக்கு இதில் நேரடியான பாடம் ஒன்று உண்டு. அதே அறிவியல் கேள்வியை எழுத்தில் ஒருமுறை, சைகையில் ஒருமுறை கேளுங்கள். எழுத்தில் வெறுமையாக விட்ட கேள்விக்குச் சைகையில் சரியான பதில் வந்தால், பிள்ளைக்குப் பாடம் தெரியும், எழுத்துத் தமிழில்தான் வேலை இருக்கிறது. இரண்டிலும் வராவிட்டால் பாடத்தைத் திரும்ப நடத்த வேண்டும். இதைச் செய்யச் சைகை தெரிந்த ஒருவர் வேண்டும். வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர் எல்லா வகைக் குறைபாட்டையும் பார்த்துக்கொண்டு பல பள்ளிகளுக்கு அலைகிறவர். அவர் வரும் நாளுக்கென்று இந்த வேலையை எடுத்து வையுங்கள். ஊரில் சைகை பேசும் காது கேளாத பெரியவர் ஒருவர் இருந்தால் அவரைப் பள்ளிக்கு அழையுங்கள். படித்து, வேலை பார்த்து, குடும்பம் நடத்தும் தன்னைப் போன்ற ஒருவரைப் பல பிள்ளைகள் அதுவரை பார்த்ததே இருக்காது.

சலுகையும் கைவிடுதலும்

பொதுத்தேர்வில் இந்த மாணவர்களுக்குக் கூடுதல் நேரமும் ஒரு மொழிப்பாடத்துக்கு விலக்கும் கிடைக்கிறது. தேவையான சலுகைதான். ஆனால் பத்தாம் வகுப்பில் விலக்கு உண்டு என்பதற்காக மூன்றாம் வகுப்பிலேயே ஆங்கிலப் பாட வேளையில் படம் வரைய உட்கார வைத்துவிடும் பள்ளிகள் இருக்கின்றன. கல்லூரியில் பாதிப் புத்தகம் ஆங்கிலத்தில் வரும்போது அந்தப் பிள்ளை நிற்க இடமில்லாமல் போகும். விலக்கை எடுப்பதா வேண்டாமா என்பது ஒன்பதாம் வகுப்பில் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டியது. ஆறு வருடம் முன்பே அந்த முடிவை ஆசிரியர் எடுத்துவிடக் கூடாது. கூடுதல் நேரமும் அப்படித்தான்: உள்தேர்வுகளில் கொடுத்துப் பழக்காமல் பொதுத்தேர்வு அன்று மட்டும் கொடுத்தால், கேள்வியை இரண்டாம் முறை வாசிக்க அந்த நேரத்தைப் பயன்படுத்தத் தெரியாமல் முதல் ஆளாகத் தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிடும்.

ஜூன் மாதம் வகுப்பு மாறும்போது இவ்வளவு உழைப்பும் பழைய ஆசிரியரோடு நின்றுவிடுவதுதான் வழக்கம். கோப்பில் இருக்கும் மூன்று தாள்களோடு நான்காவதாக ஒரு பக்கம் சேர்க்கலாம். பேட்டரியின் எண், மோல்டு கடைசியாக எடுத்த தேதி, ஆறு ஒலியும் எத்தனை மீட்டர் வரை கேட்டது, எட்டு நிலைச் சோதனையின் எண்கள், எந்த உருபுகள் வந்திருக்கின்றன, எவை வரவில்லை, எந்த இடத்தில் உட்கார்ந்தால் நன்றாகப் படிக்கிறாள், புரியாதபோது அவள் முகத்தில் என்ன தெரியும். புது ஆசிரியர் வருகைப் பதிவேட்டைத் திறக்கும் முதல் நாளே அது அவர் மேசையில் இருக்க வேண்டும்.